துருக்கிக்குப் போகிறவர்களுக்கு: மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

துருக்கிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் நம்மூர்ப் பயண ஏற்பாட்டாளர்கள் நீட்டும் அட்டவணை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இஸ்தான்புல் இரண்டு நாள், கப்படோக்கியா இரண்டு நாள், பிறகு பமுக்கலே, எபேசஸ், அன்தால்யா, மறுபடி இஸ்தான்புல், விமானம். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் எட்டு நாளில் ஐந்து ஊர் என்று ஓடினால், ஓட்டல் வரவேற்பாளரையும் வழிகாட்டியையும் தவிர அந்த நாட்டு மனிதர் ஒருவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வாய்ப்பே கிடைக்காது. ஊர்களைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தை அந்த மக்கள் உட்காரும் இடங்களில் செலவிடுங்கள்: லொகாந்தா என்னும் எளிய உணவகம், தேநீர்க் கடை, படகு, நெடுந்தூரப் பேருந்து. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இணையத்திலேயே இ-விசா எடுக்கலாம். ஒரு முறை நுழைவு, 30 நாள். அந்தத் துணை விசா நீங்கள் துருக்கியில் இறங்கும் நாளன்றும் செல்லுபடியாக வேண்டும். அதுவே இ-விசாவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள்; பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேறு விசா எதுவும் இல்லாதவர்கள் விண்ணப்ப மையம் வழியாக ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது. தேடுபொறியில் முதலில் வரும் தனியார் தளங்கள் அரசு தளம் போலவே தோன்றும், கூடுதல் கட்டணம் கறக்கும். துருக்கி வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

இஸ்தான்புல்லில் இறங்கிய அன்று மதியம் எங்கே போவது என்று கேட்டால், ஆயா சோஃபியா மசூதியைக்கூட அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டு ஓர் எஸ்னாஃப் லொகாந்தாவுக்குப் போங்கள் என்பேன். கடைக்காரர்களும் தொழிலாளிகளும் மதியம் சாப்பிடும் சமையல் கடை அது. சுல்தான்அஹ்மத் சதுக்கத்தைச் சுற்றி, வாசலில் நின்று கூப்பிடும் ஆள் இருக்கிற உணவகங்களில் இது கிடைக்காது. இரண்டு மூன்று தெரு தள்ளி, பட்டறைகளும் மொத்த வியாபாரக் கடைகளும் இருக்கும் பக்கம் நடங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பாத்திரங்களில் ஆவி பறக்கச் சமைத்த கறிகள் இருக்கும். மெனு தேவையில்லை. நேராக அங்கே போய்ப் பாருங்கள், விரலால் காட்டுங்கள், அவ்வளவுதான். 'அஸ்' என்றால் சின்ன அளவு. 'பிர் புச்சுக்' என்றால் ஒன்றரைப் பங்கு. இரண்டு மூன்று வகை ருசி பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் 'அஸ்' கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். ரொட்டி பெரும்பாலும் மேசையிலேயே இருக்கும்.

நேரம் முக்கியம். சமையல் காலையில் ஒரே தடவை நடக்கிறது. 12 மணியிலிருந்து ஒன்றரை வரை நல்ல கூட்டம். இரண்டு மணிக்கு மேல் நல்ல பாத்திரங்கள் காலி. மூன்று மணிக்குப் போய்விட்டு, 'துருக்கிச் சாப்பாடு ஆறிப்போய் இருந்தது' என்று எழுதுகிறவர்கள் கடையின் நேரத்தைத்தான் தவறவிட்டிருக்கிறார்கள். இவற்றில் பல கடைகள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் இருக்காது.

தொடக்கத்துக்கு ஒரு தட்டு: சோற்றின் மேல் வெள்ளைப் பீன்ஸ் குழம்பு ஊற்றிய 'பிலாவ் உஸ்து குரு', பக்கத்தில் ஊறுகாய்க் காய்கறி, ஒரு கிளாஸ் ஐரான். நம் நாக்குக்கு அந்நியமாகவே தெரியாது. ஐரான் என்பது உப்புப் போட்ட கெட்டி மோர்தான்.

சைவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சைவமாகத் தோன்றும் பல பண்டங்களில் இறைச்சிச் சாறு ஒளிந்திருக்கும். மைசூர்ப் பருப்பு சூப்பான மெர்ஜிமெக் சோர்பாவைச் சில கடைகளில் எலும்புச் சாற்றில் வைப்பார்கள். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். பீன்ஸ் குழம்பில் சின்னத் துண்டுக் கறி கிடக்கலாம். 'எத்' என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஆடு, மாட்டு இறைச்சியைத்தான். 'எத் இல்லை' என்று சொல்லிவிட்டுக் கோழி போட்டதைக் கொண்டுவந்து வைத்தால் அவர் பொய் சொல்லவில்லை. ஆகவே மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: 'எத் வார் மி? தவுக் வார் மி? எத் சூயு வார் மி?' அதாவது கறி, கோழி, கறிச் சாறு. பாதுகாப்பான வகை 'ஸெய்தின்யாலி': ஆலிவ் எண்ணெயில் சமைத்து, ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிகள். பச்சை பீன்ஸ், கத்தரிக்காயில் வெங்காயமும் தக்காளியும் அடைத்த இமாம் பாயில்தி, திராட்சை இலையில் சோறு சுருட்டிய சர்மா எல்லாம் இந்த வகை. சர்மா சூடாக வந்தால் உள்ளே கறி இருக்க வாய்ப்பு அதிகம், ஆறியதாக வந்தால் பெரும்பாலும் சைவம். தெருவில் பசித்தால் சீ கோஃப்தே நல்ல துணை. பெயரில் கோஃப்தே இருந்தாலும், கடைகளில் விற்பது உடைத்த கோதுமையும் உர்ஃபா மிளகாயும் மாதுளைச் சாறும் சேர்த்துப் பிசைந்த, இறைச்சியே இல்லாத பண்டம். காரம் தேடும் நம்மவர்களுக்கு அந்த நாட்டில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க: 'தனா' என்றால் மாடு, 'குஸு' என்றால் ஆட்டுக்குட்டி. வறுத்த கோஃப்தேயில் பெரும்பாலும் தனா இருக்கும்.

மேலே சொன்ன 'வார் மி' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐரோப்பியப் பயணிகள் துருக்கி மொழியைக் கண்டு மிரள்வார்கள், தமிழருக்கு அந்தக் கஷ்டம் பாதிதான். 'வார்' என்றால் இருக்கு. 'யோக்' என்றால் இல்லை. 'வார் மி' என்றால் 'இருக்கா?' 'இருக்கா'வின் கடைசியில் வரும் 'ஆ' செய்யும் வேலையை அங்கே 'மி' செய்கிறது. 'சூ வார் மி?' – தண்ணி இருக்கா? 'யெர் வார் மி?' – இடம் இருக்கா? பெயர்ச்சொல்லை முன்னால் போட்டு 'வார் மி' சேர்த்தால் முக்கால்வாசித் தேவை முடிந்துவிடும். வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஊர்ப் பெயரோடு 'தா' சேர்ந்தால் நம் 'இல்', 'தான்' சேர்ந்தால் 'இலிருந்து'. 'டீ கீ' என்று நாம் சொல்வதுபோல அவர்கள் 'சாய் மாய்' என்கிறார்கள். துருக்கி மொழிக்கும் தமிழுக்கும் உறவு என்று இதை வைத்து யாரும் கதை கட்ட வேண்டாம். ஆனால் தமிழில் யோசித்து அந்த வரிசையிலேயே சொற்களை மாற்றிப்போட்டால் சரியாக வரும் என்பது பயணத்தில் பெரிய வசதி. நீங்கள் நாலு வார்த்தை பேசினாலே எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும்.

எழுத்து 1928 முதல் லத்தீன். ஆனால் ஆங்கிலம் போலப் படித்தால் தவறும். 'சி' எழுத்துக்கு ஒலி ஜ. அடியில் வால் வைத்த 'சி' தான் ச்ச. வால் வைத்த 'எஸ்' ஷ. தலையில் கிண்ணம் வைத்த 'ஜி'க்கு ஒலியே இல்லை, முன்னால் இருக்கும் உயிரை நீட்டும், அவ்வளவுதான். டாக்சிக்காரரிடம் 'ககலோக்லு' என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அந்தப் பேட்டையின் பெயர் ஜாலோலு.

தலையாட்டலில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். துருக்கியில் 'இல்லை' என்பதற்குத் தலையைப் பின்னால் லேசாக மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, நாக்கால் 'ச்' கொட்டுவார்கள். நாம் அதைப் பார்த்து 'என்ன?' என்று கேட்கிறார் என்றோ அலட்சியம் செய்கிறார் என்றோ நினைத்துவிடக் கூடாது. அது மரியாதையான மறுப்புத்தான். 'சரி சரி' என்று நாம் பக்கவாட்டில் தலையை அசைப்பது அவர்களுக்குப் 'புரியவில்லை' என்று படும். சரி என்றால் 'தமாம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அழைக்கும் முறையும் நம் வழக்கத்துக்குப் பக்கத்தில்தான். கொஞ்சம் மூத்த ஆணை 'ஆபி', பெண்ணை 'ஆப்லா'. அப்பா வயதுக்காரரை 'அம்ஜா', அம்மா வயதுப் பெண்மணியைத் 'தெய்ஸே'. ஓட்டுநரையும் டீக்கடைக்காரரையும் 'ஆபி' என்று கூப்பிடுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போதோ கடைக்குள் நுழையும்போதோ 'கோலாய் கெல்சின்' என்றால் வேலை சுலபமாக நடக்கட்டும் என்ற வாழ்த்து. சமைத்தவரிடம் 'எலினிஸே சாலிக்', உங்கள் கைக்கு ஆரோக்கியம். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள்.

தேநீர் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. தலைக்கு உலகிலேயே அதிகத் தேநீர் குடிப்பவர்கள் துருக்கியர்கள். இத்தனைக்கும் கருங்கடல் ஓரத்து ரிசேயில் முதல் தேயிலைத் தொழிற்சாலை வந்தது 1947இல்தான். அதற்கு முன் அது காப்பி நாடு. ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு கெண்டிகள் கொண்ட சாய்தான்லிக்கில்தான் தயாரிப்பார்கள். கீழ்க் கெண்டியில் தண்ணீர். மேல் கெண்டியில் ஆறு கிளாஸுக்கு நாலைந்து கரண்டி உலர்ந்த தேயிலை, தண்ணீர் ஊற்றாமல். கீழே தண்ணீர் கொதிக்கும்வரை இலை ஆவிச் சூட்டில் வதங்கும். கொதித்ததும் அந்தத் தண்ணீரில் பாதியை மேலே ஊற்றி, கீழ்க் கெண்டியை மறுபடி நிரப்பி, சின்னத் தீயில் பதினைந்து நிமிடம் விட வேண்டும். மேல் கெண்டிக்கு நேரடித் தீ படவே கூடாது. பட்டால் டிகாக்ஷன் கசந்துபோகும். பதினைந்து நிமிடத்துக்குள் ஊற்றினால் நிறம் வரும், மணம் வராது. அரை மணி, முக்கால் மணிக்கு மேல் வைத்தாலும் கசப்புத்தான். இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு டிகாக்ஷன், மிச்சம் வெந்நீர். லேசாக வேண்டுமென்றால் 'ஆச்சிக்', திடமாக வேண்டுமென்றால் 'கோயு' அல்லது 'தெம்லி'. பால் கேட்காதீர்கள், இந்த ஊற்றுமுறை பாலுக்கானது அல்ல. சர்க்கரைக் கட்டி தட்டிலேயே வரும். கிளாஸைப் பிடிக்க வேண்டிய இடம் மேல் விளிம்பு. வீட்டில் கிளாஸ் காலியானால் கேட்காமலே நிரப்புவார்கள். போதும் என்றால் கரண்டியைக் கிளாஸின் குறுக்கே படுக்க வையுங்கள்.

கம்பளக் கடையில் தேநீர் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வேண்டாம். தேநீர் வேறு, வியாபாரம் வேறு. குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வரலாம். நீங்கள் ஒரு விலை சொல்லி அவர் அதற்குச் சம்மதித்த பிறகு பின்வாங்குவதுதான் அங்கே தவறு.

தென்கிழக்கே உர்ஃபா, தியார்பக்கிர் பக்கம் போனால் தேநீரின் நிறமும் மணமும் மாறும். அங்கே பலர் விரும்பிக் குடிப்பது 'கச்சாக் சாய்', கடத்தல் தேநீர். எல்லை தாண்டி வந்த இலங்கைத் தேயிலைக்கு அந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக ஏற்பட்ட பெயர் அது. மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகள் பறித்த கொழுந்து குர்திய வீடுகளில் விருந்தினருக்குப் போடும் தேநீராகியிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு கிளாஸ் கேட்டுக் குடியுங்கள்.

இஸ்தான்புல்லில் சுற்ற இஸ்தான்புல்கார்ட் ஒன்று வாங்கினால் மெட்ரோ, டிராம், பேருந்து, படகு எல்லாம் அடங்கும். ஒரே அட்டையை மாற்றி மாற்றித் தட்டிப் பலர் போகலாம், ஆனால் வண்டி மாறும்போது கிடைக்கும் சலுகை முதல் ஆளுக்குத்தான். போஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் ஓடும் மர்மராய் ரயிலில் ஒரு நுணுக்கம் உண்டு: நுழையும்போது முழுத் தொலைவுக்கும் பணம் பிடித்துவிடும். இறங்கியதும் வெளியே இருக்கும் 'இயாதே' இயந்திரத்தில் அட்டையைத் தட்டினால்தான் மிச்சம் திரும்ப வரும். பெரும்பாலான பயணிகள் அதைக் கவனிக்காமல் நடந்துவிடுகிறார்கள். சுற்றுலாப் படகுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், எமினோனுவிலிருந்து காதிக்கோய்க்குச் சாதாரணப் பயணிகள் படகில் ஒரு முறை போய் வாருங்கள். இருபது நிமிடம், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு. மாலை ஐந்தரைக்கு, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு மேல் தட்டில் உட்காருங்கள். தட்டில் தேநீர் எடுத்து வருவார்கள், கையில் எள் தூவிய வளைய ரொட்டியான சிமித் இருக்கட்டும். நகரம் தன் போக்கில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியும்.

ஊர் விட்டு ஊர் போக விமானம் மலிவாகவே கிடைக்கும். இருந்தாலும் ஒரு தடவையாவது பேருந்தில் போங்கள். ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் ஒன்று என இருக்கை. 'முஆவின்' என்கிற உதவியாளர் தள்ளுவண்டியில் தேநீர், தண்ணீர், கேக் கொண்டுவருவார். அறிமுகமில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். முன்பதிவில் ஆணா பெண்ணா என்பதைச் சரியாகக் குறிக்காவிட்டால் ஏறும் இடத்தில் இருக்கை மாற்றும் குழப்பம் வரும். கப்படோக்கியாவுக்கு இரவு வண்டி பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். டிக்கெட்டில் கோரெமே என்று போட்டிருந்தாலும் சில வண்டிகள் நெவ்ஷெஹிர் நிலையத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து நிறுவனத்தின் இலவச 'செர்விஸ்' வேன் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். வழியில் நிறுத்தும் 'மோலா'வுக்கு இருபது, முப்பது நிமிடம்தான். இறங்கும்போது வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் நாலைந்து வண்டிகள் வரிசையாக நிற்கும்.

கப்படோக்கியாவில் பலூனுக்கென்றே போகிறவர்கள் குறைந்தது மூன்று விடியற்காலைகளைக் கையில் வைத்திருங்கள். பதிவை முதல் நாளுக்கே போடுங்கள். பறக்கலாமா வேண்டாமா என்பதை அன்றன்று காற்றைப் பார்த்து விமானப் போக்குவரத்துத் துறை முடிவு செய்கிறது. ரத்தானால் அடுத்த நாளுக்குத் தள்ளலாம். கடைசி நாளில் பதிவு செய்தவருக்குப் பணம் திரும்ப வரும், பலூன் கிடைக்காது. சுமார் 85 மீட்டர் ஆழம் இறங்கும் தெரின்குயு நிலத்தடி நகரம் மூச்சு முட்டும் குறுகிய படிகள் கொண்டது, முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

நினைவுச் சின்னங்களுக்கு வழிகாட்டி நூல்கள் ஏராளம், சுருக்கமாக முடிக்கிறேன். ஆயா சோஃபியாவில் 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் கட்டி மேல் மாடத்துக்கு மட்டும் போகிறார்கள்; கீழ்த்தளம் தொழுகைக்கு. தோப்கபி அரண்மனை செவ்வாய் விடுமுறை, தோல்மாபாஹ்சே அரண்மனை திங்கள் விடுமுறை, பெரிய சந்தை ஞாயிறு விடுமுறை. வெள்ளி நண்பகலில் மசூதிகளுக்குப் போகாதீர்கள். ஒட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1557இல் கட்டி முடித்த சுலைமானியே மசூதியில் கட்டணம் இல்லை, நெரிசல் குறைவு. என் மனதுக்கு இஸ்தான்புல்லின் மிகச் சிறந்த கட்டடம் அதுதான். பெண்கள் தலைக்குத் துணி, இருபாலரும் முழங்கால் மறையும் உடை, தொழுபவர் முன்னால் குறுக்கே நடக்காமை, இவை போதும்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால், அழைப்பார்கள், போங்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே போட வீட்டுச் செருப்பு தருவார்கள், அதை மறுக்காதீர்கள். ஒரு கிலோ பக்லவா வாங்கிக்கொண்டு போவது சரியான அளவு. உட்கார்ந்ததும் எலுமிச்சை மணக்கும் கொலோன்யா என்னும் வாசனை நீரைக் கையில் ஊற்றவருவார்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்து நீட்டி, வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள். ரொட்டியை மிதிக்கவோ குப்பையில் போடவோ மாட்டார்கள். கீழே விழுந்த துண்டை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்து உயரமான இடத்தில் வைக்கும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். உங்கள் தட்டில் மிச்சம் வைக்காதபடி முதலிலேயே குறைவாக எடுங்கள்.

பேச்சில் சில இடங்களில் மெதுவாக நடக்க வேண்டும். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கை அவமதிப்பது அங்கே சட்டப்படி குற்றம். சட்டத்தையும் தாண்டி, பலருக்கு அவர் நெஞ்சில் இருப்பவர். நவம்பர் 10 காலை 9.05க்கு, அவர் இறந்த நேரத்தில், நாடு முழுக்க சைரன் ஒலிக்கும். வண்டிகள் நிற்கும், மக்கள் எழுந்து நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். துருக்கியில் இருப்பவர் எல்லாரும் துருக்கியர் அல்லர். குர்தியர், அரபியர், லாஸ், அர்மேனியர் உண்டு, அலெவி என்னும் மதப் பிரிவினர் உண்டு. நீங்கள் எந்த இனம் என்று முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். சொந்த ஊர் எது என்று கேளுங்கள், பேச்சு தானாகத் திறக்கும். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஹதாய், மராஷ், அதியமான் ஊர்க்காரர் என்று ஒருவர் சொன்னால் 'பாஷினிஸ் சா ஓல்சுன்' என்று இரங்கல் சொல்லிவிட்டு அவர் பேசட்டும் என்று விடுங்கள். இடிந்த இடங்களின் முன் நின்று படம் எடுப்பது வேண்டாம்.

பணம்: ரூபாயை மாற்ற இடம் தேடி அலைய வேண்டியிருக்கும், டாலரோ யூரோவோ கொண்டுபோங்கள். விலைவாசி வேகமாக ஏறுவதால் பழைய பதிவுகளில் உள்ள லிரா விலைகளை நம்பாதீர்கள். ஏடிஎம் இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்துவிட்டு லிராவையே தேர்ந்தெடுங்கள். ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தில் நட்டம் உங்களுக்கு. முன்னால் நடக்கும் ஷூ பாலிஷ்காரரின் பிரஷ் கீழே விழுந்தால் அது தற்செயல் அல்ல. எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கு என்று பாலிஷ் போட்டுப் பெரிய தொகை கேட்பார். தக்சிம் பக்கம் தனியாக நடக்கும் ஆணிடம் ஒருவர் நெருப்புப் பெட்டி கேட்டுப் பேச்சுக் கொடுத்து மதுக்கடைக்கு அழைத்தால் போகவே கூடாது. பில்லைப் பார்த்துத் தலை சுற்றும், வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இ-சிம் எடுப்பதென்றால் ஊரிலிருந்தே நிறுவிவிட்டுக் கிளம்புங்கள். பல வெளிநாட்டு இ-சிம் தளங்கள் அங்கே போன பிறகு திறப்பதில்லை.

பத்து நாள் இருந்தால் நான் சொல்லும் பிரிப்பு இது. இஸ்தான்புல் நான்கு நாள், அதில் ஒரு நாள் முழுக்க ஆசியப் பக்கம். இரவுப் பேருந்தில் கப்படோக்கியா, மூன்று நாள். அங்கிருந்து மூன்றரை மணி நேரப் பேருந்தில் கோன்யா, இரண்டு நாள். சூஃபிக் கவிஞர் மெவ்லானா ரூமியின் அடக்கத்தலமும், செல்ஜுக் காலத்து மதரஸாக்களும், அவசரமில்லாத ஒரு அனத்தோலிய நகரமும் பார்க்கலாம். டிசம்பர் 7 முதல் 17 வரை ரூமியின் நினைவு நாட்கள், அப்போது அறை கிடைப்பது கடினம். கோன்யாவிலிருந்து இஸ்தான்புல்லுக்கு அதிவேக ரயில் ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், வெள்ளி, ஞாயிறு இருக்கைகள் முதலில் தீரும். ஏப்ரல்–மே, செப்டம்பர்–அக்டோபர் நல்ல பருவம். ரமலான் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வரும் வாரங்களில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். நம் தீபாவளி, பொங்கல் நேரத்து நெரிசல்தான். அந்த நாட்களில் பயணம் அமைந்தால் பேருந்து, ரயில் டிக்கெட்டை விமான டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள்.